சுருக்கி எழுதுறதும் கார்ட்டூன் படிக்கிறதும்: பள்ளத்தூர் ஆச்சி கேட்டதுக்கு ஒரு பதில்

பள்ளத்தூர்ல இருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்காங்க. மக வயித்துப் பேரன் ஒன்பதாவது படிக்கிறானாம், அவங்க வீட்ல தங்கித்தான் பள்ளிக்கூடம் போறான், தமிழ் வகுப்புல ஒரு பத்தியக் குடுத்து மூணுல ஒரு பங்கா சுருக்கி எழுதச் சொன்னா மேல ரெண்டு வரி கீழ ஒரு வரின்னு அப்படியே பாத்து எழுதிட்டு வந்துடுறான், கார்ட்டூன் ஒண்ணக் குடுத்து பகுப்பாய்வு பண்ணச் சொன்னா "ஒரு மரம் இருக்கிறது, ஒரு மனிதர் நிற்கிறார்"னு எழுதி வச்சிருக்கான், ரெண்டுக்கும் மார்க் வரல. நோட்டுல டீச்சர் "சொந்த நடையில் எழுது"ன்னு சிவப்பு மையில எழுதி விட்டிருக்காங்க, சொந்த நடைன்னா என்னா ஆயான்னு பையன் கேக்குறான், நான் என்னத்தச் சொல்றதுன்னு ஆச்சி கேக்குறாங்க.

ஆச்சி, நல்ல கேள்வி. நான் காரைக்குடி சுத்துவட்டாரத்துல இருபது வருஷத்துக்கு மேல தமிழ் வாத்தியாரா இருக்கேன், இந்த ரெண்டு பாடத்தையும்தான் நான் ரொம்ப ஆசையா நடத்துறது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு. இது ரெண்டும் தனித்தனி பாடம் மாதிரி தெரியும், ஆனா ஒரே பாடம்தான். தொல்காப்பியம் மரபியல்ல வழிநூல் நாலு வகைன்னு வரும்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. ஒருத்தர் விரிவா சொன்னத சிதையாம சின்னதாக்குறது தொகுத்தல், அதுதான் இன்னிக்கு வகுப்புல சுருக்கம்னு கேக்குறது. கார்ட்டூன் அதோட எதிர்ப்பக்கம். வரைஞ்சவரு ஒரு பெரிய விஷயத்த ஏற்கெனவே நாலு கோட்டுக்குள்ள தொகுத்து வச்சிட்டாரு, நம்ம பிள்ளைங்க அத விரிக்கணும். தொகுக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு விரிக்கிறது சீக்கிரம் வந்துடும், ஏன்னா ரெண்டுலயும் பிள்ளைங்க சறுக்குற இடம் ஒண்ணேதான், அது என்ன இடம்னு கீழ சொல்றேன்.

சுருக்கத்துக்கு வருவோம். உங்க வீட்ல ஐயா காலத்துக் கணக்குப் புஸ்தகம் ஏதாச்சும் பெட்டியில கிடக்கும், இருந்தா அத எடுத்து பேரனுக்குக் காட்டுங்க. பர்மா மலேயான்னு கொண்டுவிக்க, அதாவது யாவாரம் பண்ணப் போன காலத்துல கடையில அன்னன்னிக்கு நடந்த வரவு செலவு குறிப்பேட்டுல ஏறும், அதுல இருந்து ஆள் பேருக்கு ஆள் பேரு பிரிச்சு பேரேட்டுல ஏறும், அப்புறம் அது எல்லாத்தையும் திரட்டி ஐந்தொகை போடுவாங்க. ஐந்தொகையப் பாத்தா ஒரு வருஷத்துக் கடையோட நெலம ஒரு தாள்ல தெரிஞ்சிடும். அந்தக் கணக்கப்பிள்ளை குறிப்பேட்டோட முதல் ரெண்டு நாள் வரவையும் கடைசி நாள் செலவையும் மட்டும் எழுதி இதுதான் ஐந்தொகைன்னு ஊருக்கு அனுப்பியிருந்தா முதலாளி என்ன சொல்லியிருப்பாரு? பேரன் இப்ப செய்றது அதுதான், அவனுக்கு இப்படிச் சொன்னா உடனே புரியும், நான் சொல்லிப் பாத்திருக்கேன், செட்டிநாட்டுப் பிள்ளைங்களுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

வெட்டுறது சுருக்கம் ஆகாது. படிச்சு, புரிஞ்சு, முழுசா உள்வாங்கி, அப்புறம் சின்னதா திருப்பிச் சொல்றதுதான் சுருக்கம். "சொந்த நடை"ங்கிறதுக்கும் அர்த்தம் அவ்வளவுதான், புதுசா அழகா எழுதணும்னு இல்ல, புஸ்தகத்த மூடிட்டு வாயால சொன்னா எந்த வார்த்தை வருதோ அதுதான் சொந்த நடை.

ஒரு பத்தியவே எடுத்துக் காட்டிடுறேன், நம்ம ஆத்தங்குடியில தரைக்குப் போடச் செய்ற கல்லப் பத்தினது, இது நான் வகுப்புக்குன்னு எழுதி வச்சது, 81 வார்த்தை.

"ஆத்தங்குடிக் கற்கள் இன்றும் கையாலேயே செய்யப்படுகின்றன. முதலில் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வோர் அறையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை மெல்ல எடுத்துவிட்டு, உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். இறுகிய பின் நீர்த்தொட்டியில் சில நாட்கள் ஊற வைத்து எடுக்கிறார்கள். இதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியில் படிந்திருந்த பக்கமே கல்லின் மேல்பக்கமாவதால் பளபளப்பு தானாக வந்துவிடுகிறது. இயந்திரத்தில் செய்த ஓடுகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனாலும் நடக்க நடக்க மெருகேறும் இந்தக் கற்களைத் தேடி வெளியூர்க்காரர்களும் ஆத்தங்குடிக்கு வருகிறார்கள்."

மூணுல ஒரு பங்குன்னா 27 வார்த்தை. இதக் குடுத்தா வகுப்புல ரெண்டு விதமான தப்பு வரும். ஒண்ணு உங்க பேரன் பண்றது, முதல் ரெண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் அப்படியே வரும், சேத்து எண்ணிப் பாத்தா 27தான், கணக்கு சரி, ஆனா அச்சை இறக்குனதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னே இல்ல, பளபளப்பு எங்க இருந்து வந்துச்சுன்னும் இல்ல, கல்லு பாதியில நிக்குது. இன்னொரு தப்பு நல்லாப் படிக்கிற பிள்ளைங்க பண்றது, அதுதான் எனக்குப் பெரிய தப்பாப் படும்: எல்லாத்தையும் ஒழுங்காச் சுருக்கிட்டு கடைசியில "எனவே நாம் நம் பாரம்பரியத்தைப் பாதுகாக்க வேண்டும்"னு ஒரு வரி சேத்துடுவாங்க. பத்தியில அப்படி ஒரு பேச்சே இல்ல ஆச்சி, மறுபடி ஒரு தடவ படிச்சுப் பாருங்க, எங்கயும் பாதுகாக்கணும்னு சொல்லல. பிள்ளைங்க மனசுல அந்த வரி ஏற்கெனவே இருக்கு, எல்லாக் கட்டுரையிலயும் எழுதி எழுதிப் பழகினது, அது தானா வந்து உக்காந்துக்குது.

நான் போர்டுல எழுதுறது இது: "ஆத்தங்குடிக் கற்கள் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை அச்சில் வார்த்துக் கையால் செய்யப்படுகின்றன. சுடாமலே, கண்ணாடியால் இவற்றுக்குப் பளபளப்பு வருகிறது. இயந்திர ஓடுகள் மலிவாகக் கிடைத்தாலும், நடக்க நடக்க மெருகேறும் இவற்றைத் தேடி வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள்."

கொஞ்சம் கிட்ட போய்ப் பாருங்க. சிவப்பு மஞ்சள் பச்சை மூணும் "வண்ண"ங்கிற ஒரே சொல்லுக்குள்ள போயிடுச்சு, சட்டம், பொடி, ஈரக்கலவை, தொட்டி எல்லாம் "வார்த்து"ங்கிறதுக்குள்ள அடங்கிடுச்சு, பல சின்னச் சொல்லுக்கு ஒரு பெரிய சொல்லு கண்டுபிடிக்கிறதுதான் இதுல பாதி வேலை. ஆனா "ஆனாலும்"ங்கிற சொல்ல நான் விடல, "கிடைத்தாலும்"னு அத உள்ள வச்சிருக்கேன், ஏன்னா பத்தியே அதுலதான் திரும்புது. ஆனால், எனவே, ஏனெனில், ஆயினும், இந்த மாதிரி சொல்லு கதவுக்குக் கீல் மாதிரி, எத வேணா எடுக்கலாம் அத எடுத்தா கதவு விழுந்துடும், பேரனுக்குப் பத்தியப் படிக்கும்போதே பென்சில்ல இதுகள வட்டம் போடச் சொல்லுங்க.

இந்தச் சுருக்கத்துல முன்ன ஒரு காலத்துல "மெருகேறுவதால் இவற்றைத் தேடி"ன்னு எழுதியிருந்தேன். முன் பெஞ்சுல ஒரு பொண்ணு எந்திரிச்சு "சார், அதனாலதான் தேடி வர்றாங்கன்னு பத்தியில இல்லையே, மெருகேறும் கற்கள்னு மட்டும்தானே இருக்கு"ன்னு கேட்டுச்சு. எவ்வளவு கூர்மையான கண்ணு பாருங்க. "ஆல்"ங்கிற ரெண்டே எழுத்துல நான் இல்லாத காரணத்த உள்ள கொண்டாந்துட்டேன். அன்னிக்கே மாத்தினேன், அந்தப் பொண்ணு கேட்டத ஒவ்வொரு வருஷமும் புது வகுப்புக்குச் சொல்றேன்.

நன்னூல்ல பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்லியிருக்காரு, பிள்ளைங்க மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறதோட விட்டுடுவாங்க, ஆனா சுருக்கம் திருத்துறதுக்கு அத விட நல்ல கருவி இல்ல. முக்கியமானது விட்டுப் போச்சுன்னா குன்றக் கூறல். தேவைக்கு மேல இருந்தா மிகைபடக் கூறல். ஒரே விஷயம் ரெண்டு தடவ வந்தா கூறியது கூறல். மூலத்துக்கு மாறா போச்சுன்னா மாறுகொளக் கூறல். பாரம்பரியத்தைப் பாதுகாக்கணும்னு சேத்தாங்களே, அது மற்றொன்று விரித்தல். நான் நோட்டுல "தவறு"ன்னு போடாம இந்தப் பேர மட்டும் ஓரத்துல எழுதுவேன், பிள்ளையே கண்டுபிடிச்சுத் திருத்திட்டு வரும். நூலுக்கு அவரே சொல்ற அழகு பத்துலயும் முதல்ல நிக்கிறது சுருங்கச் சொல்லல், அதுக்கு அடுத்தது விளங்க வைத்தல். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறது சும்மா இல்ல, சுருங்கினது விளங்காமப் போச்சுன்னா அது குன்றக் கூறல்தான்.

வீட்ல செய்ய வேண்டியது ரொம்ப லேசு. பேரன் பத்திய ரெண்டு தடவ படிக்கட்டும், அப்புறம் புஸ்தகத்த வாங்கி நீங்க மடியில வச்சுக்கங்க, "ஆயாவுக்குக் கண்ணாடி போடாம படிக்க முடியலப்பா, என்ன போட்டிருக்கு சொல்லு"ன்னு கேளுங்க. அவன் வாயால சொல்வான். சொல்லும்போது குறுக்க பேசாதீங்க, புரியலன்னா மட்டும் "அப்புறம்?" "ஏன்?"னு கேளுங்க. அவன் சொன்னத அப்படியே முதல் படியா எழுதச் சொல்லுங்க, எழுதினதுக்கு அப்புறம்தான் புஸ்தகத்தத் திருப்பிக் குடுக்கணும், ஒப்பிட்டுப் பாத்து விட்டத சேத்து, கூட்டினத எடுத்து, வார்த்தை எண்ணி, திருந்திய படி எழுதட்டும். தலைப்பு கடைசியில. தலைப்ப முதல்ல வச்சா தலைப்புக்கு ஏத்த மாதிரி பத்திய வளைச்சிடுவாங்க. கதையா இருந்தா பேச்சு உரையாடல் எல்லாம் "என்றார்"னு அயற்கூற்றுல மாறணும், "நான்"னு எழுதினவரு இருந்தா "ஆசிரியர்"னு மாறணும், இதெல்லாம் ரெண்டு மூணு தடவ எழுதினா கை பழகிடும்.

இப்ப கார்ட்டூன். இதுல எனக்குச் சொல்ல நிறைய இருக்கு.

தமிழ்ல கார்ட்டூன் படிக்கிற பழக்கத்த உண்டாக்கினவங்கள்ல பாரதியார் முக்கியமானவரு. 1906ல சென்னையில ஆரம்பிச்ச 'இந்தியா' வாரப் பத்திரிகையில கருத்துப்படம் போட்டாங்க, படத்தோட அதுக்கு விளக்கமும் எழுதுனாங்க, ஏன்னா அன்னிக்கு வாசகருக்கு இது புதுசு, இந்த ஆளு யாரு, இந்த மிருகம் எதக் குறிக்குதுன்னு சொல்லிக் குடுக்கணும். இன்னிக்கு உங்க பேரன எழுதச் சொல்றது அந்த விளக்கத்தத்தான். அதே பாரதியார் 1919ல நம்ம கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்தாரு, கையில தடியோட உக்காந்திருக்கிற அந்தப் படம் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தப்ப எடுத்ததுதான், பேரன் அந்தச் சங்கத்துப் பக்கம் போகும்போது காட்டுங்க. பழைய பத்திரிகையச் சேத்து வச்ச புண்ணியவான் நம்ம கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், அவரு சேகரிச்சதெல்லாம் இப்ப சென்னை தரமணியில அவரு பேருல இருக்கிற நூலகத்துல இருக்கு, விகடன்ல மாலியும் கோபுலுவும் வரைஞ்ச காலத்துக் கோடெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு பாக்க ஆசை வந்தா சென்னை போறப்ப ஒரு நாள் அங்க கூட்டிட்டுப் போகலாம்.

சரி, பாடம். ஒவ்வொரு வருஷமும் நான் போர்டுல ஒரு படம் வரைவேன். எனக்கு பெருசா வரைய வராது, கோட்டுப் படம்தான், ஆனா எதெது எங்க இருக்கணும்னு யோசிச்சு வரைவேன். நடுவுல ஒரு ஊருணி, கல்லுப் படிக்கட்டு கீழ இறங்குது, அடியில தண்ணி இல்ல, தரை வெடிச்சுக் கிடக்கு. வெடிப்புக்கு நடுவுல ஒரு போர்டு: "இங்கு துணி துவைக்காதீர்". கடைசிப் படியில ஒரு ஆச்சி இடுப்புல குடத்தோட நிக்கிறாங்க, முகம் ஊருணிப் பக்கம் இல்ல, மேல கரைப் பக்கம் திரும்பியிருக்கு. கரையில தண்ணி கேன் அடுக்கின ஒரு குட்டி வண்டி. மேல மேகம், சாய்ச்சுச் சாய்ச்சுக் கோடு. வலது பக்கம் கீழ் மூலையில ரொம்பச் சின்னதா, ஊருணிக்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால், அதுக்குக் குறுக்க ஒரு வீட்டு காம்பவுண்டுச் சுவரு.

இது என்ன சொல்லுதுன்னு கேட்டா முக்கால்வாசிப் பேரு உடனே எழுதுவாங்க: "மழை பெய்யாததால் ஊருணி வற்றிவிட்டது. நாம் மழைநீரைச் சேமிக்க வேண்டும்."

ஒரு வருஷம் கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பையன் மெதுவாச் சொன்னான், "சார், மழை பெஞ்சுக்கிட்டுத்தான் சார் இருக்கு." வகுப்பு முழுக்கத் திரும்பிப் போர்ட பாத்துச்சு. அந்தச் சாய்ஞ்ச கோடெல்லாம் மழை. அத்தனை பேரு கண்ணுக்கும் முன்னால மழை பெஞ்சுக்கிட்டு இருக்கு, அத்தனை பேரும் மழை பெய்யலன்னு எழுதியிருக்காங்க. "அப்புறம் ஏன்டா தண்ணி இல்ல?"ன்னு கேட்டேன். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் ஒருத்தன் எந்திரிச்சு வந்து அந்த மூலையில விரல வச்சான், "சார் இந்தச் சுவரு".

இதுதான் மேல சொன்ன அந்தச் சறுக்குற இடம் ஆச்சி. சுருக்கத்துல "பாரம்பரியத்தைப் பாதுகாக்க வேண்டும்"னு வந்து உக்காந்துச்சே, அதே ஆளுதான் இங்க "மழைநீரைச் சேமிக்க வேண்டும்"னு வந்து உக்காந்திருக்கு. பிள்ளைங்களுக்குக் கண்ணு தெரியாம இல்ல, பாக்குறதுக்கு முன்னாடியே பதில் தயாரா இருக்கு. உங்க பேரன் மரம் இருக்கு மனுசன் நிக்கிறாருன்னு எழுதினதுல எனக்கு வருத்தமே இல்ல, அவன் குறைஞ்சபட்சம் இருக்கிறத எழுதியிருக்கான், அவன அங்க இருந்து அடுத்த படிக்கு ஏத்துறது சுலபம்.

ஏத்துறது எப்படின்னா, தாள்ல மேல இருந்து கீழ கோடு போட்டு மூணு பத்தியாப் பிரிக்கச் சொல்லுங்க. முதல் பத்திக்கு மேல "பாத்தது", ரெண்டாவதுல "தெரிஞ்சது", மூணாவதுல "சொல்ல வர்றது". பாத்ததுல கண்ணுக்குத் தெரியிறது மட்டும், மூலையில இருக்கிறது உள்பட, யாரு பெருசா இருக்காங்க யாரு சின்னதா இருக்காங்க, யாரு எந்தப் பக்கம் பாக்குறாங்க, என்ன எழுத்து இருக்கு, எது மிகையா இருக்கு. இதுல பத்து விஷயமாவது எழுதாம அடுத்த பத்திக்குப் போகக் கூடாதுன்னு ஒரு கட்டாயம் வைங்க. தெரிஞ்சதுல படத்துக்கு வெளிய இருந்து நமக்குத் தெரிஞ்சது: ஊருணிக்கு வரத்துக்கால் வழியாத்தான் தண்ணி வரும், முன்ன ஊரே அதுல தண்ணி எடுத்துச்சு, இப்ப கேன் தண்ணி காசுக்கு வாங்குறோம். மூணாவது பத்திக்கு வரும்போது பதில் தானா வந்துடும்: மழை குறையல, தண்ணி வர்ற வழிய நாமளே அடைச்சிட்டோம், அடைச்சதுக்கு அப்புறமும் பழைய போர்டு மட்டும் நிக்குது, ஜனங்க முகம் ஊருணிய விட்டு வண்டிப் பக்கம் திரும்பிடுச்சு. மூணாவது பத்தியில எழுதுற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முதல் பத்தியில ஒரு சாட்சி இருக்கணும். சாட்சி இல்லாத வாக்கியம் அவனோட கருத்து, அதுக்கு வேற இடம் இருக்கு, கடைசியில.

ரெண்டாவது பத்தி எவ்வளவு முக்கியம்னு காட்ட ஒரு உலகப் புகழ் பெத்த படம் சொல்றேன். டேவிட் லோ வரைஞ்சது, 1939 செப்டம்பர் 20ல லண்டன் பத்திரிகையில வந்துச்சு. ஹிட்லரும் ஸ்டாலினும் எதிர் எதிர நின்னு தொப்பியக் கழட்டி மரியாதையா குனிஞ்சு வணக்கம் சொல்றாங்க, வாயில வர்றது என்னமோ ஒருத்தர ஒருத்தர் திட்டுற வார்த்தை, ரெண்டு பேருக்கும் நடுவுல தரையில ஒரு உடம்பு கிடக்கு. ஒண்ணுமே தெரியாதவன் பாத்தா ரெண்டு பேரு வணக்கம் சொல்றாங்கன்னு எழுதுவான். அந்த ஆகஸ்டுல ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டதும், செப்டம்பர் 1ல ஜெர்மனியும் 17ல சோவியத்தும் போலந்துக்குள்ள நுழைஞ்சதும் தெரிஞ்சவனுக்கு அந்த உடம்பு போலந்துன்னு தெரியும், குனிஞ்ச அந்த மரியாதை எப்படிப்பட்ட மரியாதைன்னும் தெரியும். அதனால கார்ட்டூன்ல முதல்ல பாக்க வேண்டியது தேதி. தேதி இல்லாத கார்ட்டூனப் பரீட்சையில குடுக்கிறது பிள்ளைங்களுக்குச் செய்ற அநியாயம்னு நான் நினைக்கிறேன், நான் குடுக்கும்போது எந்த வருஷம் எந்தப் பத்திரிகைன்னு கீழ போட்டுத்தான் குடுப்பேன்.

ஒரே படத்த ரெண்டு பேரு ரெண்டு விதமா வாசிக்கலாமான்னு பெரிய பிள்ளைங்க கேப்பாங்க. வாசிக்கலாம், ஆனா அதுவும் சாட்சியோடதான். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949ல வரைஞ்ச ஒரு படம் இருக்கு, அரசியலமைப்புச் சட்டம் ஒரு நத்தை, அது மேல அம்பேத்கர் உக்காந்திருக்காரு, பின்னால நேரு சாட்டையோட நிக்கிறாரு. சட்டம் எழுதி முடிக்க ஏறக்குறைய மூணு வருஷம் ஆச்சு, அந்தத் தாமதத்தத்தான் வரைஞ்சிருக்காரு, சாட்டை நத்தைக்குன்னு ஒரு வாசிப்பு. அந்தப் படம் பதினோராம் வகுப்பு அரசியல் பாடப் புத்தகத்துல இருந்துச்சு, 2012ல நாடாளுமன்றத்துல பெரிய எதிர்ப்பு வந்துச்சு, அரசாங்கம் எடுக்கிறோம்னு அறிவிச்சது, புத்தகத்துக்கு ஆலோசகரா இருந்த யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பதவிய விட்டு விலகினாங்க. எதிர்த்தவங்க சொன்னதும் படத்துல இருக்கிறதுதான்: சாட்டை ஓங்கியிருக்கு, அதுக்கு முன்னால உக்காந்திருக்கிறவரு அம்பேத்கர், காலங்காலமா யாரு கையில சாட்டை இருந்துச்சு யாரு முதுகுல விழுந்துச்சுன்னு தெரிஞ்ச ஒருத்தருக்கு அந்தக் கோடு வேற மாதிரிதான் வலிக்கும். நான் இந்த ரெண்டு வாசிப்பையும் வகுப்புல வைப்பேன். ரெண்டு பேரும் பாத்தது ஒரே படம், "தெரிஞ்சது"ங்கிற ரெண்டாவது பத்திதான் வேற வேற, அதனால "சொல்ல வர்றது" மாறிப் போச்சு. அறுபது வருஷத்துல வாசகர் மாறினா படமும் மாறும்னு பிள்ளைங்க அங்க கத்துக்குறாங்க, யாரு சரின்னு நான் தீர்ப்பு சொல்றதில்ல, எழுதச் சொல்வேன்.

படத்துக்குக் கீழ உள்ள வரியையும் விட்டுடக் கூடாது. 1987ல ஆனந்த விகடன் அட்டையில ஒரு ஜோக்கு வந்துச்சு, மேடையில உக்காந்திருக்கிற ரெண்டு பேர்ல யாரு எம்.எல்.ஏ., யாரு மந்திரின்னு கேள்வி, பிக்பாக்கெட்காரர் மாதிரி இருக்கிறவரு எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருக்கிறவரு மந்திரின்னு பதில். அதுக்காகச் சட்டசபை, விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூணு மாசம் சிறைன்னு தீர்மானம் போட்டுச்சு, ஜெயில்ல வச்சாங்க, எதிர்ப்பு கிளம்பி சில நாள்லயே விட்டுட்டாங்க, அவரு கோர்ட்டுக்குப் போயி அடையாளமா 1000 ரூபாய் நஷ்ட ஈடு வாங்கினாரு. இதுல படத்த மட்டும் பாத்தா மேடையில ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க, அவ்வளவுதான். கொட்டுறது முழுக்கக் கீழ உள்ள எழுத்துல இருக்கு. பேரன்கிட்ட எழுத்த கையால மறைச்சு ஒரு தடவ, தெறந்து ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க, எழுத்து வந்ததும் என்ன மாறுச்சுன்னு அவன் எழுதினாலே நல்ல பதிலாயிடும். இதுக்கு மாறா ஆர்.கே. லட்சுமண் 1951ல இருந்து வரைஞ்ச அந்தச் சாமானியர், கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் போட்டுக்கிட்டு ஒரு ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருப்பாரு, வாயத் தெறக்க மாட்டாரு, ஆனா நாம அவரு எடத்துல நின்னுதான் படத்தப் பாப்போம், ஓரத்துல நிக்கிறவரு யாருன்னு கேக்குறதுக்கு அது நல்ல படம்.

எழுதும்போது வாக்கியம் எப்படி வரணும்னு பையன் தடுமாறுவான், அதுக்குச் சில வழி. "இந்தக் கருத்துப்படம் இன்ன ஆண்டில் இன்ன இதழில் வெளியானது"ன்னு ஆரம்பிக்கட்டும். அப்புறம் படத்த நடுவுல இருந்து ஓரத்துக்கு வர்ணிக்கட்டும், நாலஞ்சு வாக்கியம் போதும். அடுத்து "ஓவியர் இன்னதை இன்னதாகக் காட்டுகிறார்"ங்கிற வாக்கியம், இதுதான் முதுகெலும்பு: அரசியலமைப்பை நத்தையாகக் காட்டுகிறார், போலந்தைச் சடலமாகக் காட்டுகிறார். அப்புறம் "இதன் வழியாக அவர் உணர்த்துவது", கடைசியில தனிப் பத்தியா "என் கருத்தில்". ஓவியர் சொல்றதும் தன் கருத்தும் ஒரே வாக்கியத்துல கலக்காம இருந்தாலே நான் நல்ல மார்க் போடுவேன். பத்தாவதுக்குப் போனா "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக"ன்னு ஒரு கேள்வி வரும், அதுல கவிதையா எழுதலாம், கற்பனைக்கு இடம் உண்டு, அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்னு இப்பவே சொல்லி வைங்க.

இதுக்குன்னு புதுப் புஸ்தகம் ஒண்ணும் வாங்க வேணாம் ஆச்சி. காலையில பேப்பர் வந்ததும் அதுல உள்ள கார்ட்டூன மட்டும் கத்தரிச்சுக் குடுங்க, முதல்ல பத்து விஷயம் எண்ணட்டும். சாயங்காலம் ஒரு சின்னச் செய்தியப் படிச்சிட்டு உங்களுக்கு வாயால சொல்லட்டும், சொன்னத எழுதட்டும். ஒரு மாசம் விடாமச் செஞ்சா போதும், நாள் ஒண்ணுக்கு அரை மணி நேரம் ஆகாது. அவன் தப்பாச் சொல்லும்போது நீங்க சரியான பதிலச் சொல்லிடாதீங்க, "அது எங்க இருக்கு, காட்டு"ன்னு மட்டும் கேளுங்க, அந்தக் கேள்வி ஒண்ணே பாதி வாத்தியார் வேலைய செஞ்சிடும்.

மாசம் முடிஞ்சதும் ஒரு சுருக்கமும் ஒரு கார்ட்டூன் பதிலும், மூலப் பத்தியும் படமும் சேத்து போட்டோ எடுத்து அனுப்புங்க. நீங்க திருத்தாம அவன் எழுதினபடியே இருக்கட்டும், எந்த இடத்துல இருக்கிறத விட்டுட்டு மனசுல உள்ளத எழுதுறான்னு நான் ஓரத்துல குறிச்சுத் தர்றேன்.